எலும்பு கேட்டவர்கள்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். சரித்திரம் படிப்பிக்கிறவளுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது வாய்க்கவில்லை. பாடசாலை விட்டு வரும்போது லுணுகலையில் இறங்கி, தோட்டத்துக்குப் போகும் பஸ் வரும்வரை ஒரு போன் கடையில் உட்கார்ந்திருப்பேன். கடைக்காரன் என் வகுப்புத் தோழன். தோட்டத்து லயம் ஒன்றில், அடுத்தடுத்த காம்பிரா அறைகளில் பிறந்தவர்கள் நாங்கள்.

ஒரு பெருமழையில் மலை சரிந்தபோது அவனுடைய அம்மா லயத்தோடு போய்விட்டார். நாட்கணக்கில் தோண்டினார்கள், கிடைக்கவில்லை. கடைசியில் சரிந்த இடத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து, அவருடைய சேலையில் பொதிந்து, அதையே உடம்பாக வைத்து மாலை போட்டு அடக்கம் செய்தோம். கருமாதியும் அந்த மண்ணுக்குத்தான் நடந்தது.

யாரோ அதைப் படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே முகம் தெரியாத ஒருவன் எழுதியிருந்தான்: உடம்பே இல்லாமல் எப்படிச் செத்தாள், எலும்பு எங்கே, நிவாரண வீடு வாங்க நாடகம் போடுகிறார்கள் என்று. அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். தோழன் போனை என்னிடம் நீட்டினான். நான் அந்த ஆளோடு எழுத்தில் சண்டை பிடித்தேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இன்னும் நாலு பேர் சிரித்ததுதான் மிச்சம்.

சில மாதம் கழித்து எங்கள் பழைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தோழன் ஒரு ஸ்டிக்கர் போட்டான். ஜெர்மனியை ஆண்ட அந்தச் சின்ன மீசைக்காரன் இளித்துக்கொண்டு நிற்கிறான். பின்னால் ஒரு புகைபோக்கி. எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் கண்டிப்பான கங்காணிக்கும் கணக்கு மாஸ்டருக்கும் அந்த ஆளின் பெயரைத்தான் பட்டப்பெயராக வைப்பது வழக்கம். அதனால் படத்தைக் கண்டதும் சிரிப்பு வந்துவிடுகிறது. புகைபோக்கி என்றால் எங்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலை. புகை வந்தால் கொழுந்து இருக்கிறது, வேலை இருக்கிறது. அது மனிதர்களை எரித்த புகை என்று அந்தக் குழுவில் யாருக்கும் தோன்றவில்லை. அன்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

மறுநாள் ஒரு வீடியோவை அனுப்பினான். யூதர்களைக் கொன்றார்கள் என்பதே கட்டுக்கதை என்று ஒரு குரல் அதில் சாவகாசமாகப் பேசியது. அத்தனை பேர் செத்திருந்தால் எலும்பு எங்கே என்று கேட்டது. யோசிக்க வேண்டிய விஷயம் என்று தோழன் கீழே எழுதியிருந்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே கடைக்குப் போனேன். எவனுடைய போனையோ பிரித்து வைத்துக்கொண்டிருந்தான். ஏன் இதை அனுப்பினாய் என்று கேட்டதும், காசாவில் பிள்ளைகள் இடிபாட்டுக்குள் சாவது உன் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று திருப்பிக் கேட்டான். அந்தக் கோபம் பொய்யில்லை. எனக்கும் அது இருக்கிறது, அதை எழுது, குண்டு போடச் சொல்கிற அரசாங்கத்தைப் பெயர் சொல்லித் திட்டு, நானும் கூட எழுதுகிறேன் என்றேன்.

"ஆனா இந்த வீடியோவுல காசா புள்ளைங்க எங்க இருக்காங்க? இது எப்பவோ எரிச்சுக் கொன்ன வேற புள்ளைங்கள இல்லவே இல்லன்னு சொல்லுது."

யூதராகப் பிறந்த ஒரே காரணத்துக்காக அறுபது இலட்சம் பேரை, கிழவி முதல் கைக்குழந்தை வரை, ஒரு அரசாங்கமே திட்டம் போட்டுக் கொன்றதைச் சொன்னேன். கொன்றவர்களே எழுதி வைத்த ஆதாரங்கள் இருப்பதையும், தப்பி வந்தவர்கள் வாய்விட்டுச் சொன்னதையும் சொன்னேன். அவன் கடைக்கு வந்திருந்தவரைப் பார்த்து, டீச்சரம்மா பாடத்தை ஆரம்பித்துவிட்டார் என்று சிரித்தான்.

"எலும்பு எங்கன்னு கேக்கிறது தப்பா? கேள்விதானே."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"சரி, ஒங்கம்மா எலும்பு எங்க? நானும் கேள்விதான் கேக்கிறேன்."

கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். கடையைச் சாத்தப் போவதாகச் சொன்னான். வந்திருந்தவர் எழுந்து போய்விட்டார், நானும் வெளியே வந்தேன்.

பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மலை சரிவதும் மனிதர் கூடிப் பேசி மனிதரை எரிப்பதும் ஒன்றல்ல. அது எனக்குத் தெரியும். ஆனால் செத்தவரைப் பொய் என்கிற வாய் இரண்டு இடத்திலும் ஒரே வாய்தான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வந்த பிறகும் தெரியாமல் போகிறதே என்பதுதான் என் ஆத்திரம்.

அதற்குப் பிறகு கடைக்குப் போகாமல் பஸ் நிறுத்தத்திலேயே நின்றேன். குழுவில் அவன் அனுப்பிய வீடியோவும் ஸ்டிக்கரும் அழிக்கப்பட்டிருந்தன. ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரே கேள்வியால், கூடப் பிறக்காத தம்பியை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன். அழுகையும் வந்தது, அவன்மேல் கோபமும் போகவில்லை.

ஒருநாள் அந்த வீடியோவைப் பற்றி முறைப்பாடு செய்யலாம் என்று அது வந்த பக்கத்தைத் தேடித் திறந்தேன். கீழே ஆயிரம் பேரின் கேலி. நடுவில் அவன் பெயரும் படமும் கண்ணில் பட்டன.

"எங்கம்மாவும் மண்ணுக்குள்ள கெடக்கிறாங்க. எலும்பு கெடைக்கல. அவங்க செத்தது நெசம். இவங்க செத்ததும் நெசம்."

யூதன் உனக்கு எவ்வளவு கொடுத்தான் என்று அதற்குக் கீழே ஒருவன் கேட்டிருந்தான். இன்னொருவன் அவன் அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டுச் சிரித்திருந்தான். அவர்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்துதான் அம்மாவை அந்தச் சிரிப்புக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தான். சிரித்தவனுக்கு அம்மாவின் பெயரையும் எழுதியிருந்தான், முழுப் பெயராக.