சைக்கிளில் ஓடிய ஆராய்ச்சி

முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வன்னியில், தர்மபுரத்தில் இருந்தவள் கலிஸ்ரா. பத்தொன்பது வயது. மனப்பிளவு நோயால் காதில் குரல்கள் கேட்கும்.

1998இல், போர் நடந்த காலத்தில், ஒரு கலாநிதி வந்தார். இப்படிப்பட்ட இளையவர்களின் மூளை ஒலியை எப்படி வாங்குகிறது என்று கண்டுபிடிக்கப்போகிறாராம். அவள் தலையில் ஹெட்போனை மாட்டினார். பற்றரி வன்னிக்குள் கொண்டுவர அரசு தடை போட்டிருந்தது. அதனால் தகப்பன் யோசெப் சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ஒலிநாடாக் கசற்றை ஓட்டினார்.

“ஒரே சத்தம்தான் வரும். மாறினாச் சொல்லும்,” என்றார் கலாநிதி.

“இப்ப தொய்யுது... இப்ப இழுபடுது.”

மாறாத ஒலி மாறுவதாகக் கேட்கிறதென்று அந்த மேதை பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். மூச்சு வாங்கிய யோசெப்பை ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை.

கலிஸ்ரா ஹெட்போனைக் கழற்றினாள்.

“சேர், எனக்குக் கேக்கிற குரலுகள் ஒருநாளும் தொய்யிறதில்லை. இது அப்பாவுக்குக் கை உளையிற சத்தம்.”