ராஜினி எந்தக் கட்சி?

பரந்தன் சந்தியில் என் கடைக்கு வருகிறவர்கள் பங்குனி மாதம் முழுக்க ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். மா என்ன விலை, சீனி வந்ததா என்றல்ல. "உங்கட ராஜினி எந்தக் கட்சியாம்?" என்று. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. தெரிந்தால் சொல்ல மாட்டேனா? ராஜினிக்கே தெரியாமல் கிடந்தது.

எங்கள் ஊர் மாதர் சங்கத்துக்கு அவள் தலைவி, நான் பொருளாளர். ஊரை ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. இந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்த எங்களுடைய வயல்கள். அந்தப் பக்கம், எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தோட்டங்களை விட்டு ஓடிவந்தவர்களின் காணிகள். குளத்துத் தண்ணீர் எங்கள் பக்கம்தான் பாயும். அவர்கள் வானத்தைப் பார்த்து ஒரு போகம் விதைப்பார்கள், மிச்ச நாட்களில் எங்கள் வயல்களில் கூலிக்கு நிற்பார்கள். ஊர் உண்டான நாள் முதல் இப்படித்தான். இதில் பிழை இருப்பதாக எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தோன்றியதில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

ராஜினி அந்தப் பக்கத்தில் பிறந்தவள். பதினாறு வயதில், சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டிய வருடத்தில் கிளிநொச்சியே இடம்பெயர்ந்தது, அத்தோடு படிப்பு போய்விட்டது. புருசன் ஆண்டியப்பன், கதிர்காமநாதன் ஐயாவின் உழவு இயந்திரத்துச் சாரதி. ஒரே தம்பி ஜனகன், கடைசி யுத்தம் முடிந்த அன்று வட்டுவாகலில் எல்லோரும் பார்த்திருக்க இராணுவத்தால் பஸ்ஸில் ஏற்றப்பட்டவன். எங்கே இறங்கினான் என்று இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

அவளைத் தேடிக் கட்சிகள் வந்ததற்குக் காரணம் பிரதேச சபைத் தேர்தல். வேட்பாளர் பட்டியலில் இத்தனை பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம். எங்கள் ஆட்கள் கூட்டங்களில் பெண்களுக்குக் கதிரையே போடாதவர்கள். திடீரென்று இப்போது கலியாணத் தரகர்கள் தோற்றுப்போகிற மாதிரிப் படலை படலையாக ஏறி இறங்கினார்கள். அந்தப் பக்கத்து வீடுகளின் வாக்கெல்லாம் ராஜினியின் சொல்லுக்குக் கட்டுப்படும் என்று ஒரு கணக்கு வேறு அவர்களுக்கு இருந்தது.

முதலில் வந்தவர் கதிர்காமநாதன் ஐயா. பெரிய வயல்காரர், குளத்துத் தண்ணீரைப் பங்கிடுகிற கமக்காரர் அமைப்பின் தலைவர், எங்கள் பக்கத்துத் தமிழ்க் கட்சிக்கு எல்லாமே அவர்தான். கட்சிகளின் பெயரை நான் சொல்லப் போவதில்லை, நாளைக்கும் நான் கடை திறக்க வேண்டும். ஐயா தேநீர் குடித்து முடிக்கும்வரை ராஜினி நின்றுகொண்டே இருந்தாளாம். பிறகு கேட்டாளாம்:

"ஐயா, மேடையில நான் என்னத்தைக் கதைக்கலாம்?"

ஐயா அதை எதிர்பார்க்கவில்லை. பெயரும் கையெழுத்தும் வாங்கிப் போகத்தான் வந்திருந்தார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"தம்பியைப் பற்றிக் கதையுங்கோ பிள்ளை. உள்ளதைச் சொல்லுங்கோ, சனம் கேக்கும். தண்ணிக் கதையை மட்டும் எடுக்காதையுங்கோ. அது நாங்கள் எங்களுக்குள்ள இருந்து கதைச்சுத் தீர்க்கிற விசயம்."

அடுத்த நாள் கிருசாந்தன் வந்தான். புதுக்குடியிருப்பில் ரியூசன் வகுப்பு நடத்துகிற பெடியன், கொழும்பிலிருந்து வந்த கட்சியின் ஆள். நல்லவன்தான், பொய் சொல்லத் தெரியாது. அவனிடமும் அதே கேள்வி.

"காணி, தண்ணி, றோட்டு எல்லாம் கதையுங்கோ அக்கா. உங்கட பக்கத்துக்குத் தண்ணி குடுக்க வேணுமெண்டு நானே மேடையில சொல்லுறன். ஆனால் காணாமல் போனாக்களின்ர கதை வேண்டாம். பழைய காயத்தைக் கிண்டினால் முன்னுக்குப் போகேலாது."

மூன்றாவதாக ஒரு சுயேச்சைக் குழுவும் வந்தது. அவர்கள் மகா தாராளம். "என்னவும் கதையுங்கோ அக்கா" என்றார்கள். யாரும் கேட்கப் போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து ராஜினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட்டிய முற்றத்தைத் திரும்பக் கூட்டினாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வருவாள், வந்த விசயம் மறந்து திரும்பிப் போவாள். உலையில் அரிசி போட மறந்து வெறும் தண்ணீரைக் கொதிக்க விட்டிருக்கிறாள். சங்கக் கூட்டத்தில் கடன் விசயம் போய்க்கொண்டிருக்கும்போது எழுந்து வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

ஊர் சும்மா இருக்குமா? "விலை ஏத்துறாள்" என்றது. ஐயா அவளுடைய மகளுக்கு வேலை எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னாராம், கிருசாந்தன் அவளுக்கு வீட்டுத் திட்டத்தில் ஒரு வீடு தருவதாகச் சொன்னானாம், எதில் கூடுதல் கிடைக்கும் என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். ஒருத்தி தான் எதை நம்புகிறாள் என்று யோசித்துக்கொண்டிருக்கலாம் என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. என் கடை வாசலில் நின்று அப்படிச் சொன்ன ஒருவனுக்கு நான் பாக்கிச் சில்லறையை மேசையில் எறிந்துதான் கொடுத்தேன்.

ஆண்டியப்பன் பாடு இன்னும் மோசம். அவனுக்குக் கட்சியும் இல்லை, கொள்கையும் இல்லை, இருந்தது வேலை ஒன்றுதான்.

"ஐயாவைப் பகைச்சால் நாளைக்கு நான் உழவு இயந்திரத்தில ஏறேலாது. அவரிட்டையே கையெழுத்தைப் போட்டிட்டு வாயை மூடிக்கொண்டிரன்" என்று கத்தினான்.

ஒரு மத்தியானம் கடைக்குள் வந்து அரிசி மூட்டையில் இருந்துகொண்டு ராஜினி என்னைக் கேட்டாள்:

"அக்கா, நீங்கள் ஏன் ஐயாவின்ர கட்சி?"

எங்கள் வீட்டில் கட்சி என்பது அப்பா கட்டிய வீடு மாதிரி. யாரும் யோசித்துக் குடிபுகவில்லை, அதிலேயே பிறந்தோம்.

"பழக்கமடி" என்றேன்.

"எனக்குப் பழக்கமில்லை அக்கா. அதுதான் கரைச்சல். ரெண்டு பேரும் என்னில பாதியைத்தான் கேக்கினம். ஒராள் தம்பியைக் கொண்டு வா, தண்ணியை வீட்டில விட்டிட்டு வா எண்டுறார். மற்றாள் தண்ணியைக் கொண்டு வா, தம்பியை விட்டிட்டு வா எண்டுறார். நான் எப்பிடி என்னைப் பிளக்கிறது?"

நான் சோடா உடைத்துக் கொடுத்தேன். அதைத்தவிர எனக்குச் செய்யத் தெரிந்தது எதுவும் இல்லை.

வேட்புமனு கொடுக்கும் நாளுக்கு முந்தின நாள் அவள் முடிவு செய்தாள். ஐயாவின் கட்சி. ஊர் "அப்ப வேலை கிடைச்சிட்டுது" என்று தலையாட்டியது. ஆண்டியப்பன் நெடுநாளைக்குப் பிறகு சிரித்தான். எனக்கு மட்டும் அவள் காரணம் சொன்னாள்.

"தண்ணியை ஒருக்காலும் மறக்கமாட்டன் அக்கா, வெயில் எறிச்சால் ஞாபகம் வந்திடும். ஆனால் தம்பியைக் கதைக்காமல் விட்டால் மறந்துபோடுவன். இப்பவே அவன்ர குரல் எனக்குச் சரியா ஞாபகமில்லை. அதுதான் ஐயாட்டைப் போறன்."

சித்திரையில் எங்கள் வாசிகசாலை வளவில் கூட்டம். வெயில் சாயவில்லை, பந்தலுக்குள் அவியல். வழக்கம்போல எங்கள் பக்கத்துச் சனம் முன்கதிரைகளில், அந்தப் பக்கத்துச் சனம் பின்னால் நின்றது. ஆண்டியப்பன் கதிரைகள் ஏற்றி வந்த உழவு இயந்திரத்தோடு மேடைப் பக்கமாக நின்றான். ராஜினி ஏறினாள். கையில் கடதாசி எதுவும் இல்லை.

ஜனகனைப் பற்றிச் சொன்னாள். அவன் பந்தடிப்பதை, கோபம் வந்தால் சாப்பிடாமல் படுப்பதை, பஸ்ஸில் ஏறும்போது "அக்கா, அம்மாவைப் பாத்துக்கொள்" என்று சொன்னதை. முன்வரிசையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. கதிர்காமநாதன் ஐயாவே சால்வையால் கண்ணைத் துடைத்தார், அது நடிப்பில்லை. நானும் அழுதேன். அவள் அதோடு இறங்கியிருக்கலாம். கூட்டம் கை தட்டியும்விட்டது.

ராஜினி இறங்கவில்லை.

"என்ர தம்பி ஆரெண்டு உங்களுக்குத் தெரியும். உங்கட வயலில வரம்பு கட்டினவன். பள்ளிக்கூடம் விட்டு வந்து உங்களுக்குப் புல்லுப் பிடுங்கினவன். சம்பளம் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்து, எங்கட காஞ்ச காணியைப் பாத்து, 'அக்கா, இவ்வளவு தண்ணி போகுது, எங்களுக்குக் கொஞ்சம் விட்டால் என்ன?' எண்டு கேட்டவன். நாளைக்கு அவன் வந்தால் முதல் அதைத்தான் கேப்பான். நீங்கள் எல்லாரும் அவனுக்காக அழுறியள். அவன் கேட்டதுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

முன்வரிசையில் அழுதவர்கள் மேடையை விட்டுப் பார்வையைத் திருப்பினார்கள். பின்னால் நின்றவர்களும் கை தட்டவில்லை, பயந்துபோய் நின்றார்கள். எனக்கு முகம் எரிந்தது. எங்கள் வயலில் அவன் புல்லுப் பிடுங்கியது எனக்கு அந்த நேரம் பார்த்துத்தான் ஞாபகம் வந்தது. ஐயா எழுந்து மைக்கை மெல்ல வாங்கி, "பிள்ளை கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டா" என்று தொடங்கினார்.

ராஜினி படியிறங்கி வந்தாள். உடம்பு முழுக்க வேர்வை. நேரே ஆண்டியப்பனிடம் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன், அவன் எல்லோர் முன்னாலும் கையை ஓங்கிவிடுவானோ என்ற பயத்தில்.

"உங்கட வேலை போட்டுது, என்ன?" என்றாள் அவள், அவன் முகத்தைப் பாராமல்.

ஆண்டியப்பன் உழவு இயந்திரத்தின் சாவியைக் கழற்றிச் சாரதிச் சீற்றின்மேல் வைத்தான். பிறகு அவளைப் பார்த்து உறுக்கினான்:

"வேலை போனது போகட்டும். நீ என்ன பாதியில விட்டிட்டு வந்து நிக்கிறாய்? வாய்க்காலில ஒரு கதவு வைச்சால் எங்கட பக்கம் தண்ணி தானா வரும், பெரிய செலவில்லை எண்டு சொல்லேல்லையே. அந்த வாய்க்கால் கட்டில எத்தினை வருசம் ஓடித் திரிஞ்சனான், எந்த இடத்தில வைக்கலாமெண்டு எனக்குத் தெரியும். அதைச் சொல்லாட்டி இவங்கள் ஏலாது எண்டு சொல்லிப்போடுவாங்கள். போ, போய்ச் சொல்லு!"

ராஜினி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பவும் மேடையில் ஏறி, பேசிக்கொண்டிருந்த ஐயாவிடம் மைக்குக்குக் கை நீட்டினாள்.

"ஐயா, ஒண்டு சொல்ல விட்டுப்போட்டன்."