முறுக்காத துணி

ஈரத்துணியை முறுக்கி அடித்தால் முதலில் வலி தெரியாது. குளிர்ச்சிதான் தெரியும். எரிச்சல் அப்புறம்தான் வரும். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலேறி போர்ட் பிளேர் வந்த முதல் மழைக்காலத்திலேயே இதை நான் தெரிந்துகொண்டேன். அறுபதுகளின் கடைசி அது.

என் வீட்டுக்காரர் சாத்தம் மரமில்லில் வேலை பார்த்தார். மின்னி பே என்கிற கடலோரப் பகுதியில் தகரக்கூரை போட்ட ஒற்றை அறையில் குடியிருந்தோம். ஐந்து வேளையும் தொழுகிறவர். சாராயம் தொடமாட்டார், யாரிடமும் பொய் பேசமாட்டார். ஆனால் என்னை அடிக்கக் கை நீளும். அதுவும் வெள்ளிக்கிழமைகளில்.

காரணம் அவருடைய வெள்ளை ஜுப்பா. அந்தத் தீவில் மே மாதம் பிடிக்கிற மழை வருஷக் கடைசிவரை விடாது. தகரத்தின் மேல் கல்லைக் கொட்டுகிற மாதிரி கொட்டும். வீட்டுக்குள் கயிறு கட்டித்தான் துணி காயப்போட வேண்டும், அந்தக் கயிறே பூஞ்சை பிடித்துக் கறுத்துக் கிடக்கும். காயாத துணியில் ஒரு முடைநாற்றம் ஏறும் பாருங்கள், அது போட்டுக்கொள்கிறபோது தெரியாது. உடம்புச் சூடு பட்டதும் கிளம்பும். பள்ளிவாசலில் நெருக்கியடித்து வரிசையில் நிற்கும்போது கிளம்பும். அந்த வாரம் நான் அடி வாங்குவேனா மாட்டேனா என்பது ஜுப்பா காய்ந்ததா இல்லையா என்பதில்தான் இருந்தது.

நானும் செய்யாததில்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது, துணி அப்பளம்போல விறைத்துவிடும். அதனால் கூரைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்தேன். சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்தேன். கொட்டாங்கச்சிக் கரியில் சாம்பிராணி போட்டு, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்துத் துணிக்குப் புகை காட்டினேன். புகை வாசம் பள்ளிவாசல் வாசல்வரைதான் துணை வரும் போலிருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றார். சத்தம் போடவில்லை.

"ஏம்புள்ள, பக்கத்துல நின்ன ஆளு துண்டால மூக்கப் பொத்திக்கிறான். அல்லாஹ் முன்னாடி நான் நாறிக்கிட்டு நிக்கணுமா?"

வாளியில் அலசிப் போட்டிருந்த அவருடைய கைலியை எடுத்து, இரண்டு கையாலும் முறுக்கினார். தண்ணீர் தரையில் கொட்டியது. நான் சுவரோரம் போய்விட்டேன். முதுகில் விழுந்தது, தோளில் விழுந்தது. அடுத்த வீச்சில் துணியின் நுனி என் இடது காதுத் தோட்டில் மாட்டிக்கொண்டது. அவர் இழுத்தார். காதுமடல் கிழிந்தது.

ரத்தத்தைப் பார்த்ததும் கைலியைப் போட்டுவிட்டு மழையில் வெளியே போய்விட்டார். பழைய துணியைக் கிழித்துக் காதில் வைத்துக்கொண்டு தரையைத் துடைத்தேன். பக்கத்து வீட்டு பெங்காலிக்காரி தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஃபிர் மாரா?" என்றாள். மறுபடி அடித்தானா என்று கேட்கிறாள். வழுக்கி விழுந்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

அந்த வாரம் முழுக்க நான் துணியைக் கல்லில் அடித்த அடியை அல்லாஹ்தான் அறிவான். ஜுப்பாவின் பித்தான் இரண்டாக உடைந்து தெறித்தது. கல்லில் இருந்தது துணி இல்லை, அவர்தான்.

நடுவில் ஒருநாள் அவர் மில்லிலிருந்து ஒரு படாக் மரக் கம்பு கொண்டுவந்தார். வெட்டி மிஞ்சினது, ரத்தச்சிவப்பு மரம். இழைப்புளியால் இழைத்து வழவழப்பாக்கி, அடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் கட்டித் தொங்கவிட்டார். இனிமேல் கயிற்றில் போடாதே, சூட்டில் காயட்டும் என்றார். காதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் கம்பை அவ்வளவு நேரம் இழைத்தார். அதுதான் அவர் கேட்கிற மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஜுப்பாவைத் துவைத்து அந்தக் கம்பில் போட்டேன். காதுவலியில் சோடாவைச் சரியாக அலசவில்லை. புதுப் படாக்கின் சாயத்தைச் சோடா இழுக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

மறுநாள் குளித்துவிட்டு வந்து ஜுப்பாவை உதறினார். நன்றாகக் காய்ந்திருந்தது. நாற்றமே இல்லை. ஆனால் முதுகின் குறுக்கே, சவுக்கால் இழுத்த மாதிரி, சிவப்பாக ஒரு கோடு.

என் காதுக்கட்டைப் பார்த்தார். ஜுப்பாவைப் பார்த்தார். "ரத்தமா இது?" என்றார். ரத்தம் பட்ட துணி நஜீஸ், அசுத்தம். அதில் தொழ முடியாது.

வாளியில் அவருடைய கைலி ஊறிக்கொண்டிருந்தது. என் கண் அதன் மேலேயே இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

"ரத்தமில்ல மச்சான். நீங்க கொண்டாந்த கம்போட சாயம். ரத்தம் பட்ட துணி அந்தா மூலையில கெடக்கு. அதப் போட்டுக்கிட்டுத் தொழ முடியாதுன்னா, அந்த ரத்தத்த வரவச்ச கையோட மட்டும் தொழ முடியுமா?"

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கலிமா சொன்னேன்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் மழையில், டிரம் பக்கத்தில் குத்துக்காலிட்டு ஜுப்பாவைக் கசக்கிக்கொண்டிருந்தார். கோடு போகவில்லை. எழுந்து, தண்ணீர் வடிய இரண்டு கையாலும் அதை முறுக்கினார்.

நான் எப்போது பின்னால் போனேன் என்று எனக்கே தெரியாது. முதுகு சுவரில் இடித்தது. கை காதைப் பொத்தியிருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த முறுக்கைப் பார்த்தார். மெதுவாக அதைப் பிரித்தார். சொட்டச் சொட்ட அப்படியே உள்ளே கொண்டுவந்து, பழைய கயிற்றில் போட்டார். மரத்தூள் அப்பிய மில் சட்டையை மாட்டிக்கொண்டு ஜும்மாவுக்குப் போனார். அன்றைக்கு யார் மூக்கைப் பொத்தினார்களோ, அவர் சொல்லவில்லை. நான் லுஹர் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். துணி சொட்டுகிற சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் கோபப்படவே இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். தட்டு பறந்திருக்கிறது, கதவு உடைந்திருக்கிறது. என் மேல் அவர் கை விழவில்லை. எங்கள் வீட்டில் துணியை முறுக்கிப் பிழிகிற வழக்கமும் அன்றோடு நின்றது. பிழியாத துணி காய நாளாகும், ஆனால் சுருக்கமில்லாமல் பூப்போல மெத்தென்று இருக்கும். என்ன போட்டுத் துவைக்கிறீர்கள் என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். மழைத்தண்ணீர், நல்ல அலசல், கடைசியில் சாம்பிராணி என்பேன். முறுக்காதீர்கள் என்றும் சொல்வேன்.

சொட்டுகிற துணிக்குக் கீழே காலிப் பால்பவுடர் டின்னை நகர்த்தி வைப்பது மட்டும் கடைசிவரை அவர் வேலையாகவே இருந்தது. நான் ஒருநாளும் சொன்னதில்லை, அவராகவே செய்தார்.