கிரவுண்டுக்கு ஒரு வாய் மிச்சம்

செய்தி வந்தபோது மதியம் மூன்று மணி. கண்ணாடிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய மூக்குக்கண்ணாடிக்கான வலது லென்ஸைச் சட்டத்துக்குப் பொருந்தும்படி விளிம்பில் தேய்த்துக்கொண்டிருந்தாள் அக்கா. கைப்பேசி மேஜைமேல் நடுங்கியபடி நகர்ந்தது. ‘தம்பி’ என்று காட்டியது. வேலை நேரத்தில் கூப்பிடுகிறவன் இல்லை அவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவான், “என்ன சமையல்?” என்பான், அவள் சொல்வாள், “சரி, உடம்பைப் பாத்துக்கோ” என்று வைத்துவிடுவான். பல வருடங்களாக அக்கா தம்பிப் பேச்சு அவ்வளவுதான்.

குரல் அவனுடையதல்ல.

“அக்கா, நான் எண்ணெய் பேசுறேன், எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. தம்பிகூட வேலை பாக்குறவன். கொஞ்சம் உக்காந்துக்கிட்டுக் கேளுங்க.”

“உக்காந்துதான் இருக்கேன். சொல்லுங்க.”

மதியம் சாப்பிட்டுவிட்டு, பழுது பார்க்கப் போன கட்டடத்தின் மோட்டார் அறையில் வழக்கம்போல் காலை நீட்டிப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. எண்ணெய் கீழே லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு, “மேல தூக்குடா” என்று கத்திக் கத்திப் பார்த்திருக்கிறார். பதில் இல்லை. தூங்கிவிட்டான் என்று திட்டிக்கொண்டே படியேறிப் போயிருக்கிறார். ஆஸ்பத்திரியில் நாடி பிடித்துப் பார்த்ததெல்லாம் வெறும் சம்பிரதாயம்.

“உப்பையே தொடாத மனுஷனுக்கு மாரடைப்பு வரலாமாக்கா?” என்று தொலைபேசியிலேயே உடைந்து அழுதார்.

அவர் என்ன சொல்கிறார் என்று அக்காவுக்கு விளங்கவில்லை. லென்ஸைத் தேய்த்து முடித்துத் துடைத்து வைத்த பிறகுதான் எழுந்தாள். பாதியில் விட்டால் லென்ஸ் வீணாகிவிடும் என்பதைத் தவிர அந்த நேரத்தில் வேறெதுவும் அவள் மண்டையில் ஏறவில்லை.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஆள் ஒல்லி, பேச்சு அதைவிட ஒல்லி. கல்யாணம் ஒரு வருடம் நடந்தது, அதற்கப்புறம் நடக்கவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசியதில்லை, நிறைவாகவும் பேசியதில்லை. ஓடுகிற லிஃப்டின் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நிற்பான். எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று கை சொல்லிவிடும் என்பார் எண்ணெய். அவரிடம் சதா ஓர் எண்ணெய்க் குப்பி இருக்கும் என்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் தம்பியைத்தான் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். பயப்படாதீர்கள் என்று அவன் சொல்லவே மாட்டான். கதவு இடுக்கில் வாயை வைத்து, “இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்பான். உள்ளே அலறிக்கொண்டிருப்பவர், இதென்ன கிறுக்குத்தனம் என்று கோபப்பட்டு, பிறகு ரொட்டி என்றோ முட்டை என்றோ சொல்லத் தொடங்குவார். “முட்டை வேகவெச்சதா, பொரிச்சதா?” என்று அடுத்த கேள்வி போகும். பொரித்த முட்டையின் கதை முடிவதற்குள் கதவு திறந்துவிடும். இதையெல்லாம் அக்காவிடம் அவன் சொன்னதில்லை. சடங்கெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, வீட்டு வாசலில் நின்று எண்ணெய்தான் சொன்னார்.

அவனுடைய வீடு மூன்றாவது மாடியில் ஒரே அறையும் ஒரு சமையல் மூலையும். அந்தக் கட்டடத்து லிஃப்டில் மூன்றுக்கான பொத்தான் இல்லை. அந்த இடத்தில் ஓர் ஓட்டை, அதன்மேல் கறுப்பு ஒட்டுநாடா.

“ஸ்பிரிங் போயி, அமுக்குனா திரும்ப வரலைன்னு கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போனான்க்கா. நாலுக்குப் போய் ஒரு மாடி இறங்கிக்குங்க,” என்றார் எண்ணெய். “ஊர் லிஃப்டெல்லாம் ஓட்டுறவன் வீட்டு லிஃப்டுக்கு மூணே இல்லைன்னு கிண்டல் பண்ணாதவன் கிடையாது. இன்னைக்கு நாளைக்குன்னு ரெண்டு வாரமா இழுத்தான்.”

பொத்தான் அறையின் மேஜைமேல் ஒரு துணியில் கிடந்தது. பக்கத்தில் திருப்புளி. மேஜைக்கடியில் நாய்.

நாயின் பெயர் கிரவுண்டு. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழியைத் திறந்தபோது, தரைத்தளத்துக்கும் கீழே, கிரீஸில் புரண்ட குட்டியாகக் கிடைத்தது. அப்போது கறுப்பு என்று நினைத்தார்கள். குளிப்பாட்டியபோது மண் நிறமாக வந்தது. இப்போது முகம் முழுக்க நரை. பின்னங்கால் இரண்டும் படியிறங்கும்போது யோசித்து யோசித்துத்தான் வரும்.

தம்பி போன நாளிலிருந்து அது எதையும் தொடவில்லை.

அக்கா முதலில் பால் வைத்தாள். முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. பிஸ்கட்டை மூக்கருகே நீட்டினாள். மரியாதைக்கு என்பதுபோல் ஒரு தரம் நக்கிவிட்டு மேஜைக்கடியில் போய்ப் படுத்தது. கடையில் வாங்கிய பொரித்த கோழியைப் பிய்த்து வைத்தாள். எழுந்து கிண்ணம் வரை வந்தது, அக்காவின் முகத்தைப் பார்த்தது, திரும்பிப் போனது.

எதிர்வீட்டம்மா கதவைத் தட்டாமலே உள்ளே வந்து, “இன்னுமா திங்கல?” என்று இடுப்பில் கை வைத்து நின்றாள். “இதுக்கு இருக்கிற திமிரு என் மாமியாருக்குக்கூட இருந்ததில்லம்மா. உங்க தம்பி இதுக்குன்னு தினமும் சட்டி வெச்சு ஆக்குவாரு. பரங்கிக்காய் வாசனை என் வீடு வரைக்கும் வரும்.”

“என்ன ஆக்குவான், தெரியுமா?”

“யாரு கேட்டா? கேட்டாலும் சிரிப்பாரு. முடியலன்னா காப்பகத்துல விட்டுடுங்க. நீங்களும் எத்தனை நாள்தான் இங்க கெடப்பீங்க?”

அது உண்மைதான். அக்கா குடியிருந்த வீட்டில் நாய் வைத்துக்கொள்ளக் கூடாது. கணவர் போன பிறகு அந்த வீட்டில் அவளும் சுவர்க்கடிகாரமும்தான். மகள் கடல்தாண்டிக் குடும்பம் நடத்துகிறாள். காப்பகத்துக்குத் தொலைபேசி செய்தால் வந்து கூட்டிப்போவார்கள். ஆனால் சாப்பிடாத நாயை யாருடைய கையிலோ கொடுப்பது, தம்பியை இரண்டாம் தடவை தூக்கிக் கொடுப்பதுபோல் இருந்தது அவளுக்கு. ஒரு வாயாவது சாப்பிடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று நினைத்தாள்.

தனக்கு முட்டை வேகவைக்கலாம் என்று சமையல் மூலையில் உப்பைத் தேடினாள். இல்லை. எல்லா டப்பாவையும் திறந்து பார்த்தாள். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, பொடி வகை எதுவும் இல்லை. அரிசி இருந்தது, முட்டை இருந்தது, பாதி வெட்டிய பரங்கிக்காய் குளிர்பெட்டியில் இருந்தது.

போன வருடம் ஒரு நாள் அவள் இங்கே வந்து சாப்பிட்டாள். பரங்கிக்காய் போட்டுக் குழைத்த சோறு. ஒரு வாய் வைத்ததும், “உப்பு எங்கடா?” என்றாள். அவன் எழுந்து போய்த் தேடுவதுபோல் தேடி, “வாங்கணும்” என்றான். “சம்பாதிக்கிறதையெல்லாம் எங்கடா வைக்கிற, ஒரு உப்புப் பாக்கெட் வாங்க வக்கில்லையா?” என்று அவள் கேட்டதற்குச் சிரித்தான். பாதியில் கை கழுவிவிட்டு வந்தாள். வீடு சேரும்வரை, தனியாக இருந்து இருந்து இவனுக்கு நாக்கும் செத்துவிட்டது என்று புலம்பிக்கொண்டு போனாள்.

எண்ணெயைக் கூப்பிட்டாள்.

“அவனுக்கு ரத்தக்கொதிப்பா? அதனாலதான் உப்பு தொடலையா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.”

“எங்ககிட்டயும் சொல்லலக்கா. நாங்களா நினைச்சுக்கிட்டோம். மதியம் டப்பாவத் திறந்தா தினமும் அதே மஞ்சக் கூழு. ஒரு நாள் வம்புக்குன்னு என் சாப்பாட்டுல ஒரு உருண்டை எடுத்து அவன் வாயில திணிச்சேன். கண்ணை மூடிக்கிட்டு ரொம்ப நேரம் மென்னான். முழுங்கவே மனசு வரல அவனுக்கு. அவ்வளவு ஆசை இருக்கில்ல, அப்புறம் எதுக்குடா இந்தக் கூழுன்னேன். பழகிடுச்சுன்னான்.”

பழகுவதற்கு என்ன இருக்கிறது அதில் என்று அக்காவுக்குத் தோன்றியது. மறைத்துவிட்டானே என்ற வருத்தம் துக்கத்தின்மேல் இன்னொரு துக்கமாக ஏறி உட்கார்ந்தது.

மறுநாள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, எதிர்வீட்டம்மா காட்டிய வழியில் கிரவுண்டைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனாள். வாசலைத் தாண்ட அது மறுத்தது. தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். எதிர்பார்த்ததைவிட எடை குறைவு.

டாக்டரம்மா நாயைப் பார்த்ததும், “அவர் வரலையா?” என்று கேட்டாள். அக்கா சொன்னாள். டாக்டரம்மா கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சற்று நேரம் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“இதுக்குச் சிறுநீரகம் பழுதுங்க. உப்பு ஆகாது. கறி அதிகம் ஆகாது. வெங்காயம், பூண்டு எல்லா நாய்க்குமே விஷம். இந்த நோய்க்குன்னு வர்ற தீவனம் எழுதிக் கொடுத்தேன், தொடல. சரி, பரங்கிக்காய், சோறு, முட்டை வெள்ளைக்கரு, இப்படி ஆக்கிப் போடுங்கன்னு சொன்னேன். அதையும் தொடலைன்னு வந்து நின்னாரு.”

“அப்புறம்?”

“சின்னதுலேர்ந்து அவர் சாப்பிட்டு முடிச்ச தட்டை இது நக்குமாம். அதுக்கப்புறம்தான் தன் கிண்ணத்துக்குப் போகுமாம். அவர் சாப்பாட்டுல உப்பு, காரம், வெங்காயம் எல்லாம் இருக்கே, அதனால தட்டை ஒளிச்சிருக்காரு. தட்டைக் காட்டாம வெச்ச சோறு அதுக்குச் சோறாவே தெரியல. ஏங்க, ரெண்டு நாள் பட்டினி போட்டா தானா வழிக்கு வரும்னேன். அவர் யோசிச்சாரு. ‘டாக்டர், மனுஷன் உப்பில்லாம சாப்பிட்டா உடம்புக்கு ஏதாவது ஆயிடுமா’ன்னு கேட்டாரு. எதுக்குங்கன்னேன். ‘தட்டை நக்காதன்னு அதுங்கிட்ட சொல்ல முடியல. தட்டுல இருக்கிறத மாத்திக்கிறது எனக்குச் சுலபம்’னாரு.”

அக்கா நாயின் முதுகில் கை வைத்தாள்.

“நான் சிரிச்சேன். நாலு நாள்ல விட்டுடுவாருன்னு நினைச்சேன். ரெண்டு வருஷம் ஓட்டிட்டாரு,” என்றாள் டாக்டரம்மா. பிறகு, “நாளைக் காலைக்குள்ள ஏதாவது சாப்பிடலைன்னா கூட்டிட்டு வாங்க, ஊசியில ஏத்திப் பாப்போம். ஆனா வயசாயிடுச்சு. உங்களுக்கு வீண் நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.”

வழியில் அக்கா பரங்கிக்காய் வாங்கினாள். பழக்கதோஷத்தில் வெங்காயத்தையும் எடுத்துப் பையில் போட்டுவிட்டு, பணம் கொடுக்குமுன் திரும்ப வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் “என்ன சமையல்?” என்று கேட்டவனுக்கு, வறுத்தது, தாளித்தது, அரைத்து ஊற்றியது என்று வரி விடாமல் சொல்லியிருக்கிறாள். சில நாள் அவன், “அதுல எலுமிச்சை பிழிஞ்சியா?” என்று நிறுத்தி நிறுத்திக் கேட்பான். சீக்கிரம் வைக்க மாட்டானா, அடுப்பில் வேலை கிடக்கிறதே என்று இருக்கும். நீ என்ன சாப்பிட்டாய் என்று ஒரு ஞாயிறுகூட அவள் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பானா? சிரித்திருப்பான். சிரித்திருந்தாலும் கேட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து சோற்றைக் குழைய வடித்தாள். பரங்கிக்காயை மசித்தாள். வெள்ளைக்கருவைத் தனியே பிரித்து வேகவைத்துக் கிளறினாள். ஆறவைத்துக் கிரவுண்டின் கிண்ணத்தில் போட்டாள். அது மேஜைக்கடியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. கிண்ணத்தையல்ல, அவள் கையை.

அவனுடைய தட்டு ஒன்றுதான் அந்த வீட்டில். அதில் தனக்கும் போட்டுக்கொண்டு, நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தாள். முதல் வாய் தொண்டைக்குள் இறங்க அடம்பிடித்தது. இனிப்பும் இல்லை, எதுவும் இல்லை, வாயில் ஏதோ இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. இரண்டு வருடம், காலையும் மாலையும், மதியம் டப்பாவிலும் இதையேதான் அவன். இரண்டாவது வாயில் கண் நிறைந்துவிட்டது. அவசரமாகத் தலையைப் பின்னுக்கு இழுத்துப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். தட்டில் விழுந்தால் அதுவும் உப்பு.

“என்னடா சாப்பிட்ட இன்னைக்கு?” என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கிரவுண்டு காதை நிமிர்த்தியது.

கடைசியில் ஒரு வாய் மிச்சம் வைத்துத் தட்டைத் தரையில் தள்ளினாள். நாய் உடனே வரவில்லை. முன்னங்கால்களை நீட்டிச் சோம்பல் முறிப்பதுபோல் எழுந்து, அவள் முழங்காலை முகர்ந்து, தட்டருகே வந்து நின்றது. பிறகு நக்கத் தொடங்கியது. தட்டு தரையில் சுவர்வரை நகர்ந்து போய் முட்டிக்கொண்டது. அதன் பிறகும் நக்கியது. தட்டு பளபளவென்று ஆன பிறகு, வேலை முடிந்தது என்பதுபோல் திரும்பித் தன் கிண்ணத்துக்குப் போனது. பாதிதான் தின்றது. பாதி போதும்.

அன்று அவள் காப்பகத்துக்குத் தொலைபேசி செய்யவில்லை. அதற்கடுத்த நாட்களிலும் செய்யவில்லை. தன் வீட்டிலிருந்து இரண்டு புடவையும் சுவர்க்கடிகாரமும் எடுத்துவந்தாள். கண்ணாடிக்கடைக்கு இங்கிருந்தே போகிறாள், மதியம் டப்பாவைத் திறக்கும்போது பக்கத்து மேஜைப் பெண்கள், “உங்களுக்குமா ரத்தக்கொதிப்பு?” என்று கேட்கிறார்கள். சிரித்துவைக்கிறாள்.

சாயங்காலம் கிரவுண்டைக் கீழே கூட்டிப்போய் வருகிறாள். வரும்போது நான்காம் மாடி வரை லிஃப்டில் போய், அங்கிருந்து ஒவ்வொரு படியாக அது யோசித்து யோசித்து இறங்க, பின்னாலேயே இறங்குகிறாள். எண்ணெய் இரண்டு தரம் வந்தார். இரண்டு தரமும் மேஜைமேலிருந்த பொத்தானைக் கையில் எடுத்துப் பார்த்து, அதே துணியில் திரும்ப வைத்துவிட்டுப் போனார். அதற்கு ஸ்பிரிங் இன்னும் போடவில்லை.