மாமனாரும் மூளைப் பவளமும்

பெங்களூரில் கடல் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க வேண்டியது நான்தான் என்று யார் சொன்னார்களோ, ஜீவனஹள்ளியில் இரண்டாம் மாடி வாடகை வீட்டில் உப்பைக் கரைத்து ஒரு கடல் தயாரித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் குடும்பத்தோடு வெளியே போவார்கள். நான் கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் கால்சியம் எவ்வளவு என்று சோதித்துக்கொண்டிருப்பேன்.

அடுகோடியில் இருக்கும் மீன் தொட்டிக் கடை ஒன்றிலிருந்து மூளைப் பவளம் வந்தது. கையளவுதான், சிவப்பும் பச்சையுமாகச் சதை மடிந்து மடிந்து அசல் மூளை போலவே இருக்கும். கடைக்காரர் அதை ‘லோபோ’ என்றார். எனக்குச் சந்தேகம். பவளம் வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். பாதிப் பேர் லோபோ, மீதிப் பேர் ‘டிராக்கி’. லோபோ என்றால் பாறையில் ஒட்டி வாழ்வது. டிராக்கி என்றால் மணலில் சும்மா கிடப்பது. மாலைக்குள் பவளத்தை விட்டுவிட்டு ஒருவரையொருவர் வகைப்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். குழுவின் மூத்தவர் லோபோ என்று தீர்ப்புச் சொன்னார். பாறைமேல் வைத்தேன்.

மறுநாள் அது உருண்டு தலைகீழாகக் கிடந்தது. அடிப்பக்கம் மணலில் செருகுவதற்குத் தோதாகக் கூம்பாக இருந்தது. டிராக்கிதான். ஓரத்துச் சதை கிழிந்திருந்தது. மூத்தவரிடம் சொன்னேன். “அபூர்வமான லோபோ” என்றார்.

அந்தச் சமயத்தில் என் மாமனார் கோலார் தங்கவயலிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தொட்டி விளக்கை அணைத்ததும் பவளம் மெல்லிய விரல்களை நீட்டும். அப்போது இடுக்கியால் இறால் துண்டு வைப்பேன்.

“இன்னா மாப்ள, கல்லுக்கு எறா. எனக்கு ரசமா?”

“அது கல்லு இல்ல மாமா. உயிர் இருக்குது.”

“நாங்க எத்தினியோ கல்லு ஒடச்சோம். ஒண்ணுகூட எறா கேக்கல.”

என் மனைவி அப்பா பக்கம் நின்று சிரித்தாள்.

கோடையில் ஒரு நாள் நானும் மனைவியும் ஆபீஸில் இருந்தபோது எங்கள் தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. தொட்டி பம்புக்கு பேட்டரி இல்லை. பேட்டரிக்கு வைத்திருந்த பணத்தில், தொட்டியின் நீலம் இன்னும் கொஞ்சம் தூக்கலாகத் தெரியட்டும் என்று இன்னொரு விளக்கு வாங்கியிருந்தேன்.

மாமனாருக்கு போன் செய்தேன். “மாமா, தண்ணி அசையலன்னா அதுக்கு மூச்சு முட்டும். சொம்புல மொண்டு மொண்டு ஊத்த முடியுமா?”

“வேற வேலை இல்ல பாரு எனக்கு” என்று வைத்துவிட்டார்.

கிளம்பலாம் என்றால் மீட்டிங். ஊழியர்கள் நேரத்தோடு வீட்டுக்குப் போவதன் அவசியம் பற்றி மேனேஜர் மாலைவரை பேசினார்.

வீட்டுக்கு ஓடினேன். கரெண்ட் இன்னும் வரவில்லை. மாமனார் ஸ்டூலில் உட்கார்ந்து, சட்டையெல்லாம் நனைந்து, சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் உப்புத் தண்ணீர்.

“சாப்டீங்களா மாமா?”

“எங்க? கைய எடுத்தா சுருங்குது இது.” ஊற்றிக்கொண்டே சொன்னார். “கீழ காத்து நின்னுட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் மாப்ள.”

சொம்பை வாங்கிக்கொண்டேன்.

சில வாரங்கள் பவளம் எலும்பு தெரிய மெலிந்து கிடந்து, மெல்ல உப்பி வந்தது. பேட்டரியும் வாங்கினேன். மாமனாருக்கு அன்று பிடித்த தோள்வலிதான் போகவில்லை. பவளத்துக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக் காட்டி அவரை டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்கிறாள் மனைவி. போகிறோம். ஆட்டோவில் அவர் என்னோடு பேசுவதே இல்லை. டிரைவரோடு கன்னடத்தில் என்னைப் பற்றிப் பேசுகிறார்.