கும்பிடுவதற்கு முன் ஒரு கட்டில்

காரைக்காலில் ஒரு தெருவில் பையோடு நிற்கிறேன். இரண்டு இரவு பேருந்து நிலையத்தில் படுத்தாயிற்று. இன்று கட்டில் கிடைக்குமா என்பது இந்த வாசலில் நடக்கும் பேச்சைப் பொறுத்தது. திருநள்ளாறு கோயிலுக்கு வருகிறவர்களுக்கு வீட்டில் நாள் வாடகைக்கு அறை விடும் செல்வி அக்காவின் மேல் எதிர்வீட்டுக்காரர் புகார் கொடுத்திருக்கிறார். நகராட்சி அலுவலர் விசாரிக்க வந்திருக்கிறார்.

“சனீஸ்வரனைக் கும்புட்டா நேரா அவங்கவங்க வீட்டுக்குப் போவணும். இவங்க திரும்ப இங்க வந்து படுக்குறாங்க. பீடையெல்லாம் எங்க தெருவுலல்ல எறங்குது?” என்கிறார் எதிர்வீட்டுக்காரர்.

“சனிக்கு எங்ககிட்ட விதி இல்லைங்க. தங்குறவங்க பேரை நோட்டுல எழுதி வைக்கணும், அவ்வளவுதான்,” என்கிறார் அலுவலர்.

அக்கா கொஞ்சம் யோசிக்கிறார். “இனிமே கோயிலுக்குக் கெளம்பறப்பவே பையோட அனுப்பிடுறேண்ணே. கும்புட்டுட்டு வந்தா கதவு தொறக்க மாட்டேன்.”

எதிர்வீட்டுக்காரர் என் பக்கம் திரும்புகிறார். “நீங்க கும்புட்டாச்சா?”

“இல்லைங்க. நாளைக்குக் காலையிலதான்.”

“அப்ப போய்ப் படுங்க,” என்று அவரே வழி விடுகிறார்.

புது நோட்டின் முதல் வரியில் என் பெயரை எழுதிக்கொள்கிறார் அக்கா. கட்டிலில் காலை நீட்டுகிறேன். நாளை கும்பிட்ட பிறகு நேராகப் போவதற்கு எனக்கு வீடு இல்லை. நல்லவேளை, அதை யாரும் கேட்கவில்லை.