வாய் நிறைய ஊசி

என் வீட்டுக்காரர் தையல்காரர். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு வேலை செய்வது அவர் பழக்கம். "வேற எடமே இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டு அலுத்துவிட்டேன். "வாய் சும்மா இருந்தா உன்கூடச் சண்டைதானே போடும்" என்பார். கடையில் பாதிப் பேச்சு 'ம்', 'ம்ஹும்' என்றே நடக்கும்.

அன்று சீருடைச் சட்டையைப் போட்டுப் பார்க்க ஒரு சிறுமி வந்தாள். அவர் குனிந்து தோள் மடிப்பில் ஊசி குத்திக்கொண்டிருக்கையில், மூச்சு முட்ட அவர் முகத்திலேயே இருமித் தீர்த்தாள். அந்தப் பக்கம் திரும்பி இருமு தாயீ என்று சொல்ல முடியவில்லை. வாய் நிறைய ஊசி.

மறுநாள் அவள் அம்மா ஃபோன் செய்தாள். "அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. பாப்பாவுக்குக் கக்குவான் இருமலாம். பக்கத்துல இருந்தவங்களுக்குச் சொல்லச் சொன்னாங்க."

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரே வீட்டில் இருக்கும் கொழுந்தனாருக்குப் பச்சைக்குழந்தை. தடுப்பூசி போடும் வயதுகூட ஆகவில்லை. இவர் தோளில் போட்டால்தான் அது தூங்கும்.

"தலைக்குக் குளிச்சுட்டா போதாது?" என்றார்.

"குளிச்சா போறதா இருந்தா ஆஸ்பத்திரி எதுக்குங்க? வாங்க, கேப்போம்."

நர்சம்மா விவரமாகச் சொன்னார். "இருமல் வரட்டும்னு காத்திருக்காதீங்க. டாக்டர் குடுக்கற மாத்திரைய இன்னைக்கே ஆரம்பிச்சு முழுசா முடிங்க. அதுவரைக்கும் குழந்தைகிட்ட போகாதீங்க. குழந்தை பால் குடிக்கலைன்னாலோ, மூச்சு நின்னு முகம் நீலமானாலோ, யோசிக்காம தூக்கிட்டு ஓடி வாங்க."

"நேத்து தூக்கிட்டேனே, சிஸ்டர்" என்றார் இவர்.

"உங்களுக்கே இன்னும் இருமல் இல்லையே. அதுக்குள்ள ஒட்டியிருக்காது. இனிமே தூக்காதீங்க, அவ்வளவுதான்."

அவர் கடையிலேயே துணி வெட்டும் மேசையில் படுத்துக்கொண்டார். நான் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். "குட்டி தூங்கினாளா?" என்பதுதான் முதல் கேள்வி. எங்கே தூங்கினாள்? கொழுந்தனார் பெண்டாட்டியும் நானும் மாறி மாறித் தூக்கி இடுப்பொடிந்து போனோம். ஒரு மத்தியானம் குழந்தை இருமியது. வாரிக்கொண்டு ஓடினோம். வழி முழுக்க, ஆண்டவனே, என் மூச்சை எடுத்துக்கொள் என்றே வேண்டினேன். பார்த்தால், பால் புரையேறியிருந்ததாம்.

"மாமாவ வரச் சொல்லுங்கக்கா, என்னால முடியல" என்று அவள் அழுதாள்.

"மாத்திரை முடியட்டும்மா" என்றேன். அதைச் சொல்லவே எனக்குத் தெம்பில்லை.

கடைத் துணித்துண்டில் பஞ்சை அடைத்து, மணிக்கட்டில் கட்டும் ஊசித் திண்டு ஒன்று தைத்து, சாப்பாட்டோடு வைத்தேன். மறுபேச்சில்லாமல் கட்டிக்கொண்டார்.

மாத்திரை முடிந்தது, இருமலும் வரவில்லை. நர்சம்மா போகலாம் என்றதும் வேகவேகமாக வீட்டுக்கு வந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு தொட்டிலை எட்டிப் பார்த்தார். அன்றைக்கென்று பார்த்துக் குழந்தை தானாகவே தூங்கிக்கொண்டிருந்தது.

"எழுப்பிடாதீங்க மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டாள் கொழுந்தனார் பெண்டாட்டி.

தோளில் போட்ட துண்டோடு தொட்டிலுக்குக் கீழேயே உட்கார்ந்தார். குழந்தை எழுந்தால் தூக்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர், அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். நான் அவர் கழுத்திலிருந்த அளவுநாடாவை மட்டும் மெதுவாக உருவி எடுத்தேன்.